கோப்ரல் பரஞ்சோதியின் புதன்கிழமைகள்

என் அக்கா புருஷன் பரஞ்சோதியின் நெஞ்சில் ஒரு சத்தம் இருந்தது. அந்தச் சத்தம் இல்லையென்றால் அவரைப் பற்றி எழுத எனக்கு அரைப்பக்கம்கூடத் தேறாது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். இருபத்தொரு வருஷம் லாரி ஓட்டினார். ஏழாவது வருஷத்தில் கோப்ரல் ஆனவர், கோப்ரலாகவே வெளியில் வந்தார். சிகரெட் கிடையாது, தண்ணி கிடையாது, யாரோடும் வாய்ச்சண்டை கிடையாது. அப்படிப்பட்ட மனிதரோடு உட்கார்ந்து ஒரு கிளாஸ் தேத்தண்ணி குடிப்பதற்கே எனக்குப் பொறுமை போதாது.

நான் காளிதாசன். சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறேன். காலை ஷிப்ட் ஆட்களை ஏழு மணிக்கு இறக்கிவிட்டால், பிற்பகல் இரண்டு மணிவரை எனக்கு வேலை இல்லை. அதனால்தான் மாமாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. அக்கா குணசுந்தரிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பிள்ளைகளும் இல்லை. பழைய தோட்டத்தைப் பிரித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில், இரண்டு அறை வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு, ஓய்வு பெற்ற பிறகும் கேம்ப் ஆஸ்பத்திரியில் வைத்தியம் உண்டு. அங்கேதான் ஐம்பத்தெட்டு வயதில் மாமாவின் சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். இதயத்திலிருந்து ரத்தம் வெளியே போகும் வழியில் ஒரு வால்வு இருக்கிறதாம். பிறவியிலேயே கோணலாக அமைந்தது, வயதானதும் இறுகிப் போயிருக்கிறது. ரத்தம் அந்தச் சின்ன இடுக்கில் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது சத்தம் வருகிறது. ஒரு தடவை டாக்டர் என் காதிலும் அந்தக் குழாயை மாட்டிவிட்டார். ஈரப் பலகையை ரம்பம் அறுப்பது போலக் கேட்டது. என் மாமாவுக்குள்ளிருந்து இவ்வளவு சத்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

இன்னும் கொஞ்சம் இறுகினால் ஆபரேஷன், அதுவரைக்கும் வந்து காட்டிவிட்டுப் போங்கள் என்றார்கள். அவரும் ஐந்து வருஷம் ஒழுங்காகக் காட்டிக்கொண்டிருந்தார். அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கேப்டன் காஞ்சனா வந்தாள்.

பண்டார் பாருவில் பிறந்த பெண். முப்பது வயது இருக்கும். டாக்டராகி, பட்டாளத்தில் சேர்ந்து கேப்டன் பட்டம் வாங்கி, ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கான பயிற்சியில் இருந்தாள். அவளுக்கு ஒரே ஆசை. பாடம் நடத்த வேண்டும். இதை அவளே மாமாவிடம் சொல்லி, அவர் என்னிடம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பயிற்சியில் இருக்கிற டாக்டர்களுக்கு அங்கே பாடம் நடத்த வாய்ப்புக் கொடுப்பதில்லையாம். வார்டைப் பார், ரிப்போர்ட் எழுது, ஞாயிற்றுக்கிழமை டூட்டி செய், அவ்வளவுதான். பாடமெல்லாம் மேஜர்கள் நடத்துவார்கள். பாடம் நடத்திக் காட்டாதவளுக்குப் போதிக்கும் இடம் கொடுக்க மாட்டார்கள், இடம் இல்லாதவளுக்குப் பாடம் நடத்தவும் கொடுக்க மாட்டார்கள். இரண்டு வருஷம் அவள் மனு மேல் மனு போட்டிருக்கிறாள். கடைசியில் ஒரு மேஜர் படிக்க வெளிநாடு போனார். அவருடைய புதன்கிழமை வகுப்பைத் தூக்கி இவளிடம் கொடுத்தார்கள்.

அந்த வகுப்பு டாக்டர்களுக்கானது இல்லை. மெடிக் என்று சொல்கிற சிப்பாய்களுக்கானது. மருந்துப் பெட்டியோடு பட்டாளம் போகிற இடமெல்லாம் கூடவே போகிறவர்கள். இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள், நாலைந்து பெண்கள். பெரும்பாலும் மலாய்க்காரப் பிள்ளைகள், இரண்டு மூன்று பேர் சபா, சரவாக்கிலிருந்து வந்தவர்கள். எல்லைக் காட்டுக்குள் போய்விட்டால் இவர்கள்தான் டாக்டர். கேட்பதற்கு வேறு ஆள் இருக்காது.

படம் போட்டுக் காட்டினால் இதயச் சத்தம் புரியாது என்று காஞ்சனா நினைத்தாள். புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே சத்தம் வருகிற ஓர் ஆளைத் தேடினாள். மாமா மாட்டிக்கொண்டார்.

“அங்கிள், ஒங்களுக்குச் சிரமம் இல்லன்னா புதன்கிழம காலையில ஒரு மணி நேரம் வந்து ஒக்கார முடியுமா? இஷ்டம் இல்லன்னா வேணாம்.”

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். பட்டாளத்தில் பெண் ஆபீசரை ‘புவான்’ என்றுதான் கூப்பிட வேண்டும். தலையெண்ணிக்கை எடுக்கும்போது ‘வந்திருக்கிறேன்’ என்பதற்கு ‘ஹாடிர்’ என்பார்கள். அவளுடைய தகப்பன் வயதில் இருக்கிறவர், ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆனவர், கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு சொன்னார்.

“ஹாடிர், புவான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்கு.

அவர் அவளை மகள் மாதிரி நினைத்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் அக்காகூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை. அவள் அவருக்கு ஆபீசர். இருபத்தொரு வருஷத்தில் எந்த ஆபீசரும் அவரைப் பார்த்து ‘முடியுமா’ என்று கேட்டதில்லை. லாரியை எடு, இங்கே நிறுத்து, திருப்பு. கேட்டவள் இவள் ஒருத்திதான். அந்த மனிதரை அது என்ன செய்துவிட்டது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒவ்வொரு புதன்கிழமையும் எட்டரைக்கு வகுப்பு. செவ்வாய்க்கிழமையே முடிவெட்டிக்கொள்வார். நெஞ்சு முடியைக்கூட மழித்துக்கொண்டார், குழாய் வைத்தால் சரசரவென்று கேட்டுப் பையன்களுக்குக் குழப்பம் வருமாம். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஓட்ட மோட்டாரு சத்தம் போட்டா எல்லாரும் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போவாங்க,” என்று நான் வேனில் கிண்டல் செய்வேன். “நீங்க பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போறீங்க மாமா.”

“ஒனக்குப் புரியாது லா மச்சான்,” என்பார். அவ்வளவுதான் அவருடைய பதில்.

வகுப்புக் கதவருகில் நாற்காலி போட்டு என்னையும் உட்காரவிடுவார்கள். அதனால் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். காஞ்சனா பாடம் நடத்துகிற விதத்தைச் சொல்ல வேண்டும். நேராக நெஞ்சில் குழாயை வைக்க விடமாட்டாள். முதலில் அவரிடம் பெயரைச் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். குழாயின் முகத்தைக் கையில் தேய்த்துச் சூடாக்க வேண்டும். பிறகு மணிக்கட்டில் நாடியைப் பிடிக்க வேண்டும். “அவசரப்படாதே, நாடி மெதுவாக ஏறுகிறதா பார்,” என்று மலாயில் சொல்வாள். அதற்கப்புறம்தான் நெஞ்சு. நெஞ்சுக்குப் பிறகு கழுத்து. கழுத்துவரை ஏறுகிற சத்தம் என்றால் இந்த வால்வுதான் என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை அவள் வாயைத் திறக்கமாட்டாள். தப்பாகச் சொன்னவனைத் திட்டமாட்டாள், இன்னொரு தடவை நாடியைப் பிடிக்கச் சொல்வாள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். இவளைப் போல ஒருத்தி எனக்குக் கிடைத்திருந்தால் நின்றிருக்கமாட்டேன்.

மாமா சட்டையில்லாமல் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். வாரம் பதினைந்து பேர் அவர் நெஞ்சில் குனிவார்கள். இரண்டு மாதத்தில் அவருக்கே பாடம் மனப்பாடம். தடுமாறுகிற பையனுக்கு, டாக்டர் பார்க்காத நேரமாகப் பார்த்து, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுப்பார். அவள் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்குவாள்.

ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருநாள் கேட்டேன். வேன் சிக்னலில் நின்றது. அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எண்பத்தஞ்சுல, தாய்லாந்து பார்டர் பக்கம். எங்க செக்‌ஷன்ல ஒரு பையன், சித்தியவான்காரன். நெஞ்சு அடைக்குதுன்னான். மெடிக்குக்கு ஒன்னும் தெரியல. பனடோல் மாத்திர குடுத்தான். அவனும் சின்னப் பையன்தானே, அவன என்ன சொல்றது. ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள போயிட்டான். என் மடியிலதான் கெடந்தான்.”

பிறகு சிக்னலில் பச்சை விழுந்தது. அதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. எட்டாவது மாதத்தில் நான் சிலதைக் கவனித்தேன். கவனித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மோட்டார் சைக்கிளை அவர் எடுப்பதில்லை. கோவிலுக்குப் போனால் படியில் பாதியில் நின்று, பந்தலைப் பார்ப்பது போல் பாவனை செய்தார். பிள்ளையார் கோவிலில் என்ன பந்தல், வருஷம் பூராவும் அதே தகரம்தான். ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாராம். அக்காவிடம் சோப்புத் தண்ணி வழுக்கியது என்றார். என்னிடம், “புவானுக்குத் தெரிஞ்சா வார்டுல போட்டுடுவாங்க,” என்றார்.

“போடட்டுமே.”

“கர்னல் வர்றாரு லா. அது முடியட்டும்.”

கர்னல் என்றால் கோலாலம்பூரிலிருந்து வரும் பெரிய அதிகாரி. காஞ்சனாவின் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார். தேறினாள் என்று எழுதினால், பட்டாளத்து மருத்துவப் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் போதிக்கும் இடம். இல்லையென்றால் மறுபடி மனுப் போட மூன்று வருஷம். அவளுக்குக் கிடைத்தது அந்த ஒரு புதன்கிழமைதான்.

அதே வாரத்துக்குத்தான் ஆபரேஷன் தேதியும் விழுந்தது.

பினாங்கில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், கர்னல் வருகிற அதே புதன்கிழமை நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றுவார்கள். கேம்ப் ஆஸ்பத்திரி வேறு, இது வேறு. தேதி வந்த விஷயம் காஞ்சனாவுக்கு நேராகப் போகாது, நோயாளிதான் சொல்ல வேண்டும். அவளும் அதை முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். “டேட் வந்தா ஒடனே என்கிட்ட சொல்லிடணும் அங்கிள். என் கிளாஸெல்லாம் அப்பறம்.” நானே காதால் கேட்டிருக்கிறேன். அவள்மேல் ஒரு தூசியளவு தப்புக் கிடையாது.

மாமா கடிதத்தை அக்காவிடம் காட்டவில்லை. சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, வேன் நிறுத்துகிற கடைக்கு நடந்து வந்தார். நடந்து வந்ததில் அவருக்குப் பேச்சு வரவே ஐந்து நிமிஷம் ஆனது.

“போன் பண்ணித் தள்ளிப் போடு மச்சான்.”

“எனக்கென்ன பைத்தியமா?”

“ரெண்டு மூனு வாரந்தானே. அந்தப் பொண்ணு ரெண்டு வருஷமா காத்துக்கிட்டு இருக்கு. என்ன விட்டா அந்தச் சத்தத்துக்கு வேற ஆளு இல்ல. வர்றேன்னு சொல்லிட்டேன். ஹாடிர்னு சொல்லிட்டு வராம இருந்தது கெடையாது நான், ஒருநாள்கூட.”

“அப்ப நீங்களே பண்ணுங்க. ஒங்க மலாய்க்கு என்ன கொறச்ச.”

“நான் பேசுனா உண்மையச் சொல்லிடுவேன். அந்தப் பக்கம் பேசறது ஆஸ்பத்திரி நர்ஸு, மிஸ்ஸி. அவங்களும் யூனிபார்ம்தானே.”

இதைக் கேட்டு நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் போனை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று என்னையே நான் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை. அவர் கெஞ்சி நான் பார்த்ததில்லை, அது ஒன்று. இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. நெஞ்சை அறுத்துத் திறப்பார்கள் என்று நினைக்கவே எனக்குப் பயம். தள்ளிப் போகட்டும் என்று எனக்குள்ளும் ஒருவன் ஆசைப்பட்டான்.

மிஸ்ஸி நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். வீட்டில் கெண்டூரி, முக்கியமான விசேஷம், விட்டுவிட்டு வர முடியாது என்று மலாயில் சொன்னேன். அவள் இரண்டு தடவை கேட்டாள், நோயாளிக்கு மூச்சு வாங்குகிறதா, மயக்கம் வந்ததா என்று. எதிரில் உட்கார்ந்திருந்த மாமா, சொல்லாதே என்று தலையை ஆட்டினார். இல்லை என்றேன். அடுத்த தேதி மூன்று மாதம் கழித்து என்றாள். மூன்று வாரம் என்று நினைத்தது மூன்று மாதமாகிவிட்டது. அப்போதாவது நான், வேண்டாம், திங்கட்கிழமையே வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

புதன்கிழமை வந்தது. அக்கா சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். வகுப்பில் கர்னல் பின்வரிசையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். காஞ்சனாவின் குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது. பெயர் சொன்னார்கள், குழாயைச் சூடாக்கினார்கள், நாடி பிடித்தார்கள். முதல் பையன் நெஞ்சில் குழாயை வைத்தான். நகர்த்தினான். மறுபடி வைத்தான்.

“சத்தம் சரியாகக் கேட்கவில்லை, புவான்.”

அடுத்த பெண்ணும் அதையே சொன்னாள். மாமாவின் முகம் செத்துவிட்டது. பரீட்சையில் தானே தோற்றுவிட்டது போல, கழுத்தைச் சாய்த்து, மூச்சை இழுத்துவிட்டு, அந்தச் சத்தத்தை எப்படியாவது வெளியே கொண்டுவரப் பார்த்தார். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

காஞ்சனா தானே குனிந்து கேட்டாள். நிமிர்ந்தபோது அவள் கர்னலைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வகுப்புப் பக்கம் திரும்பி நிதானமாகச் சொன்னாள். அவள் மலாயில் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. “போன வாரம்கூட இந்தச் சத்தம் பெரிதாக இருந்தது. இன்று சின்னதாகிவிட்டது. வியாதி குறைந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. தள்ளுகிற இதயம் களைத்துவிட்டது. தள்ள பலம் இல்லாததால் சத்தம் இல்லை. காட்டில் உங்கள் ஆளுக்கு இப்படி ஆனால் நிம்மதியடையாதீர்கள். அன்றைக்கே அவரை வெளியே கொண்டு வாருங்கள்.”

கர்னல் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் தேறிவிட்டாள் என்று எனக்கே தெரிந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் அவள் மாமாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“அங்கிள், மூச்சு வாங்குதா?”

“இல்ல, புவான்.”

“ஆபரேஷன் டேட் வந்துச்சா?”

“இன்னும் வரல, புவான்.”

ஆபீசரிடம் அவர் சொன்ன முதல் பொய்கள் அவையாகத்தான் இருக்கும். நான் கதவருகில் நின்றேன்.

ஸ்கேன் எடுக்க உடனே வரச் சொன்னவளிடம் மாமா மூன்று நாள் சாக்குச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை அவளே விடாமல் வரவழைத்து எடுத்தாள். படத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துப் போயிற்று. அன்றைக்கே பினாங்குக்கு மெயில் எழுதி, இவரை இந்த வாரமே எடுக்க வேண்டும் என்று கேட்டாள். மாமாவை வார்டில் இருக்கச் சொன்னாள். “வீட்டுல சொல்லிட்டு வந்துடறேன் புவான்,” என்று சொல்லிவிட்டு வந்தவர் திரும்பிப் போகவில்லை. வேனில் வரும்போது அவரைக் கன்னாபின்னாவென்று திட்டினேன்.

“இப்பவாச்சும் அந்தப் புள்ளைகிட்ட உண்மையச் சொல்லிடறேன்.”

“வேணாம்,” என்றார். அவர் என்னை அதட்டியது அன்றைக்கு மட்டும்தான். “தெரிஞ்சா அது அப்பறம் யாருக்கும் பாடம் எடுக்காது. அது அப்படிப்பட்ட பொண்ணு. எடம் கெடச்சிப் போகட்டும். நான் வியாழக்கிழம போயி படுத்துக்கறேன்.”

காஞ்சனா போன் மேல் போன் செய்ததில், வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரை வார்டில் சேர்ப்பதாக இருந்தது. புதன்கிழமை அக்கா, கடலோரத் தஞ்சோங் டாவாயில் விற்கிற கருவாடு வேண்டும் என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற மனிதர் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று அவளுக்கு நினைப்பு. நான் கிளம்பினேன். அவரும் ஏறிக்கொண்டார். வகுப்பு இல்லாத புதன்கிழமை வீட்டில் உட்கார முடியவில்லை என்றார். வேனை விட்டு இறங்கக் கூடாது என்று சத்தியம் வாங்கித்தான் கூட்டிப் போனேன்.

காலை பத்து மணி, நல்ல வெயில். படகுகள் வந்திருந்தன. கடையில் கருவாடு வாங்கி, கூடவே நெத்திலி ஐந்து கிலோ கட்டச் சொல்லிவிட்டு நான் காசை எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் நெத்திலி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேனைப் பார்த்து நடக்கிறார். நான் ஒருவனே தூக்குவேனே என்று உதவ இறங்கியிருக்கிறார். கூப்பிட்டேன். திரும்பினார். என்னவோ சொல்லவந்தது போல இருந்தது. அப்படியே முட்டி மடிந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் சரிந்துவிட்டார்.

கடைக்கார மலாய்க்காரர் ஓடிவந்து குடை பிடித்தார். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். நான் அவர் சட்டையைத் திறந்து நெஞ்சில் காதை வைத்தேன். எனக்கு வேறு என்ன தெரியும். எட்டு மாதம் பார்த்ததில் நாடியைப் பிடிக்கக் கற்றிருந்தேன், அதையும் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

எட்டாம் நாள் துக்கம் கழிந்த மறுநாள் காஞ்சனா வீட்டுக்கு வந்தாள். சாதாரணச் சுடிதாரில் வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. அக்கா அவளுக்குப் பாயைப் போட்டாள். அவள் உட்காராமல், கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். பினாங்கிலிருந்து வந்த பதில்.

“அங்கிளுக்கு முன்னாடியே டேட் குடுத்திருக்காங்க. ஃபேமிலிலேர்ந்து போன் பண்ணித் தள்ளிப் போட்டதா எழுதியிருக்கு. வீட்டுல ஃபங்ஷன்னு.”

“என்ன ஃபங்ஷனு?” என்றாள் அக்கா. “நம்ம வீட்டுல ஏது ஃபங்ஷனு?”

காஞ்சனா என்னைப் பார்த்தாள்.

“அது என் கிளாஸ் இருந்த வாரம். அதுக்காக அவரு தள்ளிப் போட்டாரா? எனக்கு எடம் கெடச்சிடுச்சி. லெட்டர் வந்து நாலு நாளாச்சி. கையெழுத்துப் போடல. அவரு எனக்காக இப்படிச் செஞ்சிருந்தா நான் போகமாட்டேன். இனிமே ஒரு பேஷண்ட்ட ஒக்கார வெச்சி என்னால பாடம் நடத்த முடியாது.”

அவள் மிரட்டவில்லை. இருக்கிறதை இருக்கிறபடி சொன்னாள். மாமா அவளைச் சரியாகத்தான் எடை போட்டிருந்தார். நான் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த மனிதர் செய்ததெல்லாம் வெறும் நெத்திலி மூட்டை தூக்கியது போலாகிவிடும். அவருக்காக இந்த உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்தக் கையெழுத்து ஒன்றுதான்.

“இல்ல டாக்டர்,” என்றேன். “அவருக்கு டேட் வந்ததே தெரியாது. லெட்டர நான்தான் வாங்கினேன். நெஞ்சப் பொளக்கறாங்கன்னதும் எனக்குப் பயம் வந்துடுச்சி. அவருகிட்டயும் சொல்லாம, அக்காகிட்டயும் சொல்லாம, நானா போன் பண்ணித் தள்ளிட்டேன். ஃபங்ஷனுன்னு பொய் சொன்னதும் நான்தான்.”

அதில் பாதி உண்மை இருந்ததால் சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. அவள் மூச்சை விட்டாள். பல நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு. ஒரு நிமிஷம் அவள் முகத்தில் சின்னப் பிள்ளையின் களை வந்தது. பிறகு அது போய், என்னைப் பார்த்த பார்வையில் வேறு ஒன்று வந்தது.

“சத்தம் கொறஞ்சா ஆபத்துன்னு நான் சொன்னப்ப, நீங்க கதவுகிட்டதானே நின்னீங்க?”

“ஆமா.”

“டேட் வரலன்னு அவரு சொன்னப்பவும் நின்னீங்க.”

“நின்னேன்.”

அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு காருக்குப் போனாள்.

அக்கா பாயைச் சுருட்டி மூலையில் வைத்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். பாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவர இடுப்புல தூக்கி வெச்சிக்கிட்டாவது போயிருப்பேன்டா. நடந்தே பினாங்குக்குப் போயிருப்பேன். ஏன்டா எனக்குச் சொல்லல?”

வெளியே காஞ்சனாவின் கார் இன்னும் கிளம்பவில்லை. உண்மையைச் சொன்னால் அக்கா அந்தக் காரை நோக்கித்தான் ஓடுவாள் என்று எனக்குத் தெரியும். என்னை மன்னித்திருப்பாள், அந்தப் பெண்ணை உயிர் இருக்கும்வரை மன்னிக்கமாட்டாள். என் புருஷனும் என் தம்பியும் சேர்ந்து என்னிடம் மறைத்தீர்களே என்று கேட்டால், அதுவும் நியாயம்தான். இரண்டு ஆம்பளைகள் ஒரு கடையில் உட்கார்ந்து அக்காவுடைய வாழ்க்கையை முடிவு செய்தோம். அவளிடம் கேட்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவே இல்லை.

“தப்புதான்க்கா,” என்றேன்.

“போ,” என்றாள். “இனிமே வராத.”

கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை வாசலில் நின்றேன். பிறகு வேனை எடுத்துக்கொண்டு இரண்டாம் ஷிப்ட் ஆட்களை ஏற்றப் போனேன்.